நம்பி வந்த உயிர்

ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். நகரத்தின் ஓரத்தில், ஒரு சிறிய தெருவின் கடைசி வீடு. பாட்டி, அவருடைய மகன், மருமகள், எட்டாம் வகுப்பில் படிக்கும் பேரன் ஆகிய நால்வர் அங்கே வாழ்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்களோடு ஐந்தாவதாக ஒரு ஜீவனும் இருந்தது. மழைநாள் ஒன்றில் சாக்கடை ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி அது. மணி என்று பெயரிட்டனர். சமையலறைக்குள் அது நுழையக் கூடாது என்று முதல் நாளே பாட்டி சட்டம் போட்டார். அந்தச் சட்டம் கடைசிவரை நீடித்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் தோசை மணிக்கு என்பதும் அதே பாட்டி போட்ட சட்டம்தான்.

மணி முதுமையடைந்தது, பார்வை போயிற்று, சிறுநீரகம் பழுதடைந்தது. ஒருநாள் பின்னிரவில், பாட்டியின் மடியில் தலை வைத்தபடி இறந்துபோயிற்று.

மறுநாள் காலை பாட்டி வழக்கம்போல் முதல் தோசையை எடுத்துத் தனியே வைத்தார். வைத்த பிறகே அது யாருக்கு என்பது நினைவுக்கு வந்தது. மருமகள் அலுவலகத்துக்கு விடுப்புக் கேட்டார். நாய் இறந்துவிட்டது என்று சொல்ல நா எழவில்லை. உடல்நலம் சரியில்லை என்று கூறினார். அடுத்த வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்து, "இன்னொரு குட்டி கிடைக்காமலா போகும்?" என்றார். பேரன் சாப்பிடவில்லை. "ஒரு நாய்க்காக இவ்வளவா? எழுந்து பள்ளிக்குப் புறப்படு" என்று தந்தை கடிந்துகொண்டார். அதே தந்தை அன்று மாலை வீடு திரும்பியபோது, வெளிக்கதவை மிக மெதுவாகத் தள்ளித் திறந்தார். கண் தெரியாத மணி அவருடைய வரவை எதிர்பார்த்து அந்தக் கதவுக்குப் பின்னால்தான் படுத்திருக்கும். கதவு அதன்மேல் இடித்துவிடக் கூடாதே என்று ஆறு மாதங்களாகப் பழகிய கை. பின்னால் ஒன்றும் இல்லை என்று கண்டதும், கதவைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார்.

இத்தகைய துயரம் சரியானதுதானா? சாஸ்திரங்களைப் படிக்கும் பழக்கம் உள்ள குடும்பங்களில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாக எழுகிறது. பற்று துன்பத்துக்குக் காரணம் என்று அறிந்தவர்கள் ஒரு நாய்க்காக அழலாமா? அழுதால் படித்ததெல்லாம் வீண்தானா? அழாமல் இருந்தால் இத்தனை நாள் காட்டிய அன்பு பொய்யா?

இந்தக் கேள்விக்கு நம் நூல்கள் இரண்டு கதைகளை விடையாக வைத்திருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றில், ஒரு விலங்கின்மீது வைத்த அன்பு ஒரு பெருந்தவசியைக் கீழே இழுத்துவிடுகிறது. மற்றொன்றில், ஒரு விலங்கைக் கைவிட மறுத்ததால் ஓர் அரசன் மிக உயர்ந்த நிலையை எய்துகிறான். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே பாடம் முழுமை பெறுகிறது.

மிகப் பழைய உறவு

கதைகளுக்குள் செல்லும் முன், இந்தத் துயரம் இன்று நேற்று தோன்றியதன்று என்பதை அறிவது நல்லது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காஸல் என்னும் இடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி வெளிப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்களுடன் ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. அதன் பற்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ ஏழு மாதமே வாழ்ந்த அந்தக் குட்டி கடுமையான நோயால் பல வாரங்கள் வருந்தியிருக்க வேண்டும் என்று கண்டனர். மனிதர் அருகிலிருந்து துடைத்து, நீரும் உணவும் ஊட்டிப் பராமரிக்காமல் அத்தனை நாள் அது பிழைத்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயுற்ற குட்டியை, கற்காலத்தில், யாரோ கவனித்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. காஷ்மீரத்தில் ஸ்ரீநகருக்கு அருகில் உள்ள புர்ஸஹோம் என்ற இடத்தில் புதிய கற்கால மக்களின் குடியிருப்பு அகழ்ந்தெடுக்கப்பட்டது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் புதைகுழிகள் சிலவற்றில் மனிதர்களோடு நாய்களும் அடக்கம் செய்யப்பட்டிருந்தன.

ஆகவே, முதல் தோசையைத் தனியே வைத்துவிட்டுத் திகைத்து நின்ற பாட்டி பலவீனமான மனம் படைத்தவர் அல்லர். மனித இனம் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒன்றையே அவரும் செய்தார். துயரம் வரலாமா என்பது கேள்வியன்று. வந்த துயரத்தை மனிதன் எங்கே கொண்டு சேர்க்கிறான் என்பதே கேள்வி.

மன்னரும் மானும்

பாகவத புராணத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் பரதரின் வரலாற்றைக் கூறுகிறது. ரிஷபதேவரின் மகனான இவருடைய பெயராலேயே இந்நாடு பாரதம் எனப்பட்டது என்பது அந்நூலின் கூற்று. நெடுங்காலம் நல்லாட்சி புரிந்த பின், அரசையும் செல்வத்தையும் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டு, கண்டகி நதிக்கரையில் உள்ள புலகரின் ஆசிரமத்துக்குச் சென்று அவர் தவவாழ்வு மேற்கொண்டார்.

ஒருநாள் அவர் நதிக்கரையில் அமர்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தபோது, கருவுற்ற மான் ஒன்று நீர் அருந்த வந்தது. அருகில் சிங்கத்தின் கர்ஜனை கேட்டது. அஞ்சிய மான் ஆற்றைத் தாண்டப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கரு நழுவி நீரில் விழ, தாய்மான் அப்பால் ஒரு குகையருகே விழுந்து உயிர்விட்டது. வெள்ளத்தில் மிதந்து சென்ற குட்டியைக் கண்ட பரதர் இரக்கத்தால் அதை எடுத்து ஆசிரமத்துக்குக் கொண்டுவந்தார்.

இதுவரை அவர் செய்ததில் குறை ஏதும் இல்லை. குறை மெல்ல மெல்ல நுழைந்தது. முதலில் குட்டிக்குப் புல் தேடினார், ஓநாய்களிடமிருந்து காத்தார், தடவிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்தாலும் நடந்தாலும் உறங்கினாலும் உண்டாலும் அதன் நினைவாகவே இருந்தார். நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவின. பூஜையின் நடுவே எழுந்து மான்குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அது சற்று நேரம் கண்ணில் படாவிட்டால் பொருளை இழந்த உலோபியைப் போலத் தவித்தார். அரசைத் துறக்க முடிந்தவருக்கு, பிள்ளைகளைப் பிரிய முடிந்தவருக்கு, ஒரு மானைப் பிரிய முடியவில்லை. இறுதிக் காலம் வந்தபோது, மகனைப் போல் அருகில் வருந்தி அமர்ந்திருந்த அந்த மானையே நோக்கியபடி உடலை விட்டார்; அடுத்த பிறவியில் மானாகப் பிறந்தார்.

இறுதிக் கணத்தில் எதை நினைக்கிறானோ அதையே மனிதன் அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. அந்த இறுதி நினைவு திடீரென்று வருவதன்று. வாழ்நாளெல்லாம் மனம் எங்கே படிந்து கிடந்ததோ, அதுவே கடைசியிலும் எழுகிறது. பரதர் விழுந்தது மரணப் படுக்கையில் அன்று. பூஜையின் நடுவே எழுந்து சென்ற ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விழுந்தார்.

இந்தக் கதையைப் பலரும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். "ஆகவே விலங்குகளிடம் அன்பு வைக்காதே" என்று முடிவு கட்டுகின்றனர். கதை அங்கே முடியவில்லை. மான் பிறவியிலும் முன்பிறவி நினைவு மாறாதிருந்த பரதர், மீண்டும் புலகரின் ஆசிரமத்தை அடைந்து அங்கே காத்திருந்தார். அதற்கடுத்த பிறவியில் அந்தணர் குலத்தில் பிறந்து, உலகினர் கண்ணுக்கு மூடரைப் போலத் திரிந்தார். ஜடபரதர் என்று அவரைக் குறிப்பிடுவது அதனால்தான். ஒருமுறை சிந்து, சௌவீர நாடுகளின் மன்னன் ரகூகணனின் ஏவலர்கள் அவரைப் பல்லக்குச் சுமக்கப் பிடித்துச் சென்றனர். அவர் தோள்கொடுத்ததும் பல்லக்கு ஆட்டம் கண்டது. காரணம், அவர் ஓர் அம்பின் அளவு தூரம் முன்னே தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்ததே. சிற்றுயிர் எதையும் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வாறு நடந்தார் என்று உரையாசிரியர்கள் விளக்குவர்.

இங்கேதான் கதையின் உட்பொருள் இருக்கிறது. மானால் வீழ்ந்தவர் அதன் பிறகு உயிர்களை வெறுக்கவில்லை. இரக்கத்தை வறளவிடவும் இல்லை. ஒரு மானில் தேங்கி நின்ற இரக்கம், காலடியில் ஊரும் எறும்பு வரை பரந்துவிட்டது. அவரிடமிருந்து விலகியது அன்பு அன்று. 'என்னுடையது' என்ற எண்ணம் மட்டுமே.

தருமரும் நாயும்

இரண்டாவது கதை மகாபாரதத்தின் பதினேழாம் பருவமான மகாப்பிரஸ்தானிக பருவத்தில் வருகிறது. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் நாட்டைத் துறந்து வடக்கு நோக்கிச் செல்கின்றனர். ஒரு நாய் அவர்களைப் பின்தொடர்கிறது. வழியில் திரௌபதி முதலில் வீழ்கிறாள். பின்னர் சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். யுதிஷ்டிரர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். அவருடன் எஞ்சியிருப்பது அந்த நாய் மட்டுமே.

அப்போது இந்திரன் தேருடன் வந்து ஏறும்படி அழைக்கிறான். தம்பியரும் திரௌபதியும் இல்லாமல் வர விருப்பமில்லை என்கிறார் தருமர். அவர்கள் முன்னரே விண்ணுலகை அடைந்துவிட்டனர் என்று இந்திரன் தேற்றுகிறான். "அப்படியானால் இந்த நாயும் என்னுடன் வர வேண்டும், இது என்னிடம் பக்தி கொண்டது" என்கிறார் தருமர். நாயுடன் வருவோருக்கு விண்ணுலகில் இடமில்லை, அதை விட்டுவிடுவதில் கொடுமை ஏதும் இல்லை என்று இந்திரன் வாதிடுகிறான். அடைக்கலம் புகுந்தவனைக் கைவிடுதல், பெண் கொலை, அந்தணர் பொருளைக் கவர்தல், நண்பனுக்குத் துரோகம் செய்தல் ஆகிய நான்கு பாவங்களுக்கும் சமமானது நம்பி வந்த ஒன்றைக் கைவிடுவது என்று தருமர் மறுக்கிறார்.

இந்திரனின் அடுத்த கேள்வி மிகக் கூரியது. உடன்பிறந்தவர்களையும் மனைவியையும் வழியில் விட்டுவிட்டு வந்தவருக்கு ஒரு நாயை விடுவதில் என்ன தடை? தருமரின் விடை, இழப்பைச் சந்தித்த ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டியது. இறந்தவர்களோடு நட்புமில்லை, பகையுமில்லை. அவர்களை உயிர்ப்பிக்கும் ஆற்றல் தமக்கு இல்லை. அதனால்தான் விட்டு வந்தார். உயிரோடிருந்தவரை அவர்களில் ஒருவரையும் அவர் கைவிடவில்லை. இதுவே அவர் கூறிய விடையின் சாரம். உடனே நாயுருவம் நீங்கித் தருமதேவன் தோன்றினான்.

மகாபாரதத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் வருகிறது. ஆதிபருவத்தில் ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி நடத்துகிறான். அங்கே வந்த ஒரு நாய்க்குட்டியை அவனுடைய தம்பியர் அடித்து விரட்டுகின்றனர். குட்டி அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறது. அதன் தாய் சரமா, தேவலோக நாய். அவள் வேள்விச் சாலைக்கு வந்து, அவிப்பொருளை நக்காத, ஏறிட்டும் பாராத தன் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். யாரும் வாய் திறக்கவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று கூறிவிட்டு அவள் போய்விடுகிறாள். குற்றமற்ற ஒரு குட்டிக்கு நேர்ந்த அநீதிக்கு அரசவையில் விடை இல்லை. அவ்வளவு பெரிய இதிகாசம் முடியும் தறுவாயில், வேறொரு நாய்க்காக ஓர் அரசர் விண்ணுலகின் வாயிலில் நின்று வாதாடுகிறார்.

வேறுபாடு எங்கே?

பரதரும் தருமரும் ஆதரவற்ற விலங்குக்கே அன்பு காட்டினர். ஒருவர் தாழ்ந்ததும் மற்றவர் உயர்ந்ததும் எதனால்?

முதலாவது, கடமை. பரதரின் அன்பு அவர் மேற்கொண்ட கடமையை அரித்தது. தருமரின் அன்போ கடமையாகவே இருந்தது.

இரண்டாவது, பரப்பு. மான் வந்த பிறகு பரதரின் உலகம் ஒரு மானின் அளவுக்குச் சுருங்கியது. தருமர் நாயை ஏற்றதால் வேறு யாரையும் ஒதுக்கவில்லை. முதலில் தம்பியரையும் திரௌபதியையும் பற்றிக் கேட்ட பின்னரே நாய்க்காகப் பேசினார்.

மூன்றாவது, நோக்கம். இதுவே அடிப்படை. மான் காணாமற்போன வேளைகளில் பரதரின் மனத்தில் அதன் நலத்தைப் பற்றிய கவலையோடு, அது இல்லாமல் தம் நிலை என்ன என்ற தவிப்பும் கலந்திருந்தது. தருமர் கேட்டதோ, தம்மை விட்டால் இந்த நாயின் நிலை என்ன என்ற ஒன்றே. அந்த நாயால் அவருக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுமில்லை. இழக்க நேர்ந்தது விண்ணுலகம்.

'இது இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?' என்பது பற்றின் குரல். 'நான் இல்லாமல் இது எப்படி இருக்கும்?' என்பது அன்பின் குரல். சாதாரண மனித மனத்தில் இரண்டும் கலந்தே ஒலிக்கும். இரண்டாவது குரலைக் கேட்கக் கேட்க முதலாவது அடங்குகிறது. வீட்டில் வளரும் ஒரு விலங்கு மனிதனுக்குக் கற்பிக்கக்கூடிய பெரிய பாடம் இதுதான். அதற்குப் பட்டம் தெரியாது, பதவி தெரியாது, சம்பளம் தெரியாது. பசித்தால் தட்டருகே வந்து நிற்கும். வாசலில் காலடி கேட்டால் வாலை ஆட்டும். கைம்மாறு கருதாமல் கொடுப்பதற்கு அது மனிதனை நாள்தோறும் பழக்குகிறது.

மீண்டும் அந்தக் கடைசி வீட்டுக்கு வரலாம். மணி இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன், கூடத்திலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது, தந்தை ஒரு யோசனை சொன்னார்: "மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன? அங்கே தின்பதற்கு ஏதாவது கிடைக்கும்." பாட்டி துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டே, "பன்னிரண்டு வருடம் அது நம் வாசலைப் பார்த்துக்கொண்டது. இப்போது அதற்குக் கண் தெரியவில்லை என்றால் நாம் பார்த்துக்கொள்ள வேண்டாமா, தம்பி?" என்றார். தந்தை அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கதவை மெதுவாகத் திறக்கத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான்.

மகனைக் கடிந்துகொண்ட தந்தையின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். கைவிட நினைத்தோமே என்ற குற்றவுணர்வு அது. செல்லப் பிராணியை இழந்த பலரிடமும் இத்தகைய உறுத்தல் இருக்கும். இன்னும் முன்னதாகவே மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாமோ, அன்று அப்படி அதட்டியிருக்க வேண்டாமோ என்று மனம் கணக்குப் பார்க்கும். தருமரின் விடை இவர்களுக்கும் பொருந்தும். இறந்ததை மீட்கும் ஆற்றல் யாருக்கும் இல்லை. உயிரோடிருந்தபோது கைவிட்டோமா என்பது ஒன்றே கேள்வி. அந்தத் தந்தை ஒரு நாள் கைவிட நினைத்தது உண்மை. ஆனால் கைவிடவில்லை. எழுந்த எண்ணத்தைவிட, அதைக் கடந்து செய்த செயலே கணக்கில் நிற்கும்.

ஞானியரின் ஈரம்

துயரமே அறியாத கல்மனம்தான் ஞானத்தின் அடையாளம் என்ற கருத்து பரவலாக உள்ளது. பெரியோர்களின் வாழ்க்கை அதற்குச் சான்று பகரவில்லை.

ஸ்ரீராமகிருஷ்ணரின் இல்லறச் சீடரான பலராம் போஸ் 1890-ஆம் ஆண்டு கல்கத்தாவில் காலமானார். அப்போது காசியில் இருந்த சுவாமி விவேகானந்தர் செய்தி கேட்டு மிகவும் கலங்கினார். துறவி ஒருவர் இவ்வாறு வருந்துவது தகுமா என்று உடனிருந்த பிரமததாஸ் மித்ரர் வியந்தார். துறவி என்பதற்காக இதயத்தை இழந்துவிட வேண்டுமா என்று கேட்கும் வகையில் சுவாமிஜியின் மறுமொழி அமைந்தது.

தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் பேலூர் மடத்தில் அவர் பல விலங்குகளை வளர்த்தார். ஹன்ஸி என்ற ஆடும், மட்ரு என்ற ஆட்டுக்குட்டியும், பாகா என்ற நாயும் அவற்றுள் அடங்கும். மட்ருவின் கழுத்தில் சிறு மணிகள் கட்டி, அதனோடு சிறுவனைப் போல் ஓடி விளையாடுவார். அது இறந்தபோது அவர் மறைக்காமல் வருந்தினார். பாகா ஏதோ குறும்பு செய்ததற்காக ஒருமுறை அதைக் கங்கைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டனர். அது மாலையில் பரிசல்துறைக்கு வந்து தானாகவே படகில் ஏறி, மடத்துக்குத் திரும்பிவிட்டது. விடியற்காலையில் சுவாமிஜி அதைக் கண்டார். இனி எது செய்தாலும் பாகாவை வெளியேற்றக் கூடாது என்று மற்றவர்களிடம் கூறிவிட்டார். 1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் சுவாமிஜி மறைந்தார். பின்னர் பாகா இறந்தபோது அதுவும் மடத்து நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்கு 1926-ஆம் ஆண்டு கன்றாக வந்தது லக்ஷ்மி என்ற பசு. 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அது இறக்கும் தறுவாயில் மகரிஷி அருகில் அமர்ந்து அதன் தலையில் கை வைத்திருந்தார். அதன் சமாதி ஆசிரமத்தில் உள்ளது. அருகிலேயே ஒரு மானுக்கும் காக்கைக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் உள்ளன. விலங்குகளை அவர் 'அது' என்று கூறாமல் 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிடுவார்.

இவர்களுடைய அன்பு மறைந்த உயிரோடு தேங்கிவிடவில்லை. அன்றைய பணி அன்று நடந்தது. அடுத்து வந்த உயிருக்கும் அதே கனிவு கிடைத்தது. கண்ணீர் வருவதால் ஞானம் குறைவதில்லை. கண்ணீர் வந்த பிறகு கைகள் ஓய்ந்துவிடுகின்றனவா, அடுத்த பணிக்கு நீளுகின்றனவா என்பதில்தான் வேறுபாடு.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

குழந்தைகளிடம் உண்மையைக் கூற வேண்டும். ஊருக்குப் போயிருக்கிறது, தூங்குகிறது என்றெல்லாம் மழுப்பினால், குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உண்மை தெரியும் நாளில் பெரியவர்கள்மீது கொண்ட நம்பிக்கையும் போய்விடும். பல குழந்தைகள் மரணத்தை முதன்முதலில் அறிவது ஒரு நாயின் வழியாகவோ, பூனையின் வழியாகவோ, கூண்டுப் பறவையின் வழியாகவோதான். அன்று பெரியவர்கள் நடந்துகொள்ளும் முறை, பின்னாளில் பெரிய இழப்புகளைத் தாங்க அவர்களுக்குத் துணை நிற்கும்.

இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அவசரப்படுவது சரியன்று. அது இறந்த உயிரை ஒரு பொருளாக்கிவிடுகிறது. வரவிருக்கும் உயிரை ஒரு மாற்றுப் பொருளாக்குகிறது. மனம் ஆறிய பிறகு வேறோர் உயிரை ஏற்பதும் ஏற்காததும் அந்தக் குடும்பத்தின் விருப்பம்.

முதுமையும் நோயும் வந்த விலங்கின் விஷயத்தில் முடிவெடுப்பது கடினம். சிகிச்சையைத் தொடர்வதா, வலி குறைக்கும் மருந்தோடு நிறுத்திக்கொள்வதா என்ற நிலையில், கால்நடை மருத்துவரின் அறிவுரையைக் கேட்பதோடு, முன் கூறிய கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது அதன் நலனுக்காகவா, அதைப் பிரிய இயலாத மனத்துக்காகவா?

எந்த நிலையிலும் கைவிடுதல் கூடாது. நாட்டின் சட்டமும் இதையே கூறுகிறது. பசியாலும் தாகத்தாலும் வருந்தக்கூடிய நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே வளர்க்கத் தொடங்கும் நாளிலேயே, தடுப்பூசி முதல் முதுமைப் பராமரிப்பு வரை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தே பொறுப்பேற்க வேண்டும்.

துயரம் வீட்டாரைப் பிரித்துவிடவும் கூடாது. இறந்த உயிருக்காக வருந்தும்போது, அருகில் காய்ச்சலோடு படுத்திருக்கும் தாயை மறந்தால் அது பரதரின் வழி. அவரவர் துயரத்தை அவரவர் அறைக்குள் பூட்டிக்கொள்வதைவிட, ஒன்றாக அமர்ந்து பேசுவது நல்லது.

கதவு திறக்கும் விதம்

அந்த வீட்டில் மூன்றாம் நாள் இரவு பேரன் பாட்டியின் அருகில் வந்து படுத்தான். "பாட்டி, மணி எங்கே போயிருக்கும்?" என்று கேட்டான்.

"எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, கண்ணா. எங்கிருந்து போனது என்று தெரியும். பசியோடு போகவில்லை, பயத்தோடு போகவில்லை. நம் மடியிலிருந்து போயிற்று" என்றார் பாட்டி. சற்றுப் பொறுத்து, "முதல் தோசையை இப்போது என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்றார்.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த தந்தை உள்ளே வந்து மகனின் பக்கத்தில் அமர்ந்தார். மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று தாம் சொன்னதை அவரே மகனிடம் கூறினார். அன்று இரவு மூவரும் வெகுநேரம் பேசினர். மருமகளும் வந்து அமர்ந்துகொண்டார்.

மறுநாள் பேரன் மணியின் தட்டைத் துலக்கி, நீர் நிரப்பி, மதில் ஓரமாகத் தெருவில் வைத்தான். காக்கைகள் வந்தன, மதியம் ஒரு பூனை வந்தது. தெருமுனையில் படுத்திருக்கும் ஒரு கிழ நாய்க்குப் பாட்டியின் முதல் தோசை போகத் தொடங்கியது. மருமகள் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் பெண்ணிடம், "எங்கள் வீட்டு நாய் இறந்துவிட்டது" என்று சொன்னார். அந்தப் பெண் தன் வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார்.

தந்தை இன்றும் வெளிக்கதவை மெதுவாகவே திறக்கிறார். பின்னால் மணி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அங்கே ஏதேனும் ஓர் உயிர் இருக்கக்கூடும் அல்லவா?

சிந்தனைக்கு

1. பரதர் மான்குட்டியை நீரிலிருந்து எடுத்தது தவறா? தவறு எந்த இடத்தில் தொடங்கியது?

2. இறந்தவர்களைப் பற்றித் தருமர் இந்திரனுக்குக் கூறிய விடை, இழப்பால் வருந்தும் ஒருவருக்கு எவ்வாறு ஆறுதல் தரும்?

3. 'இது இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?', 'நான் இல்லாமல் இது எப்படி இருக்கும்?' என்னும் இரு கேள்விகளில், வீட்டில் உள்ள முதியவர், குழந்தை, வளர்ப்பு விலங்கு ஆகிய ஒவ்வொருவரைப் பற்றியும் மனத்தில் முதலில் எழுவது எது?